காதில் விழுந்தால் போதும்

(பெங்களூரு மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுய ஹிப்னாடிச ஒலிப்பதிவுகளை மனம் அலையாமல், உடம்பு இறுகாமல் கேட்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன்.

மனைவி காலமான பிறகு தூக்கம் என்னை விட்டுப் போயிற்று. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பால்காரர் வரும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். டாக்டர் மாத்திரையோடு தளர்வுப் பயிற்சியும் செய்யச் சொன்னார். என் பெண் இருபது நிமிஷப் பதிவு ஒன்றைச் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

முதல் பத்து நாள் பலன் பூஜ்யம். "கைகள் கனக்கின்றன" என்று குரல் சொன்னால், கனக்கிறதா என்று சோதிப்பேன். "மனம் அமைதியடைகிறது" என்றால், அடையவில்லையே என்று மனசுக்குள் குறிப்பு எழுதுவேன். இன்ஸ்பெக்ஷன் புத்தி! தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் அதன் மேல் கோபம் வேறு.

பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். மான்செஸ்டர் டாக்டர் ஜேம்ஸ் பிரெய்டு 1843-ல் வெளியிட்ட நூலில் இந்த நிலைக்குத் தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். பின்னால் அவருக்கே அது திருப்தியாக இல்லை. இது தூக்கமல்ல, மனம் ஒரே எண்ணத்தில் நிற்பதுதான் என்று பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே நினைவு தப்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹாரன் காதில் விழுந்தால் பயிற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜெர்மன் டாக்டர் ஷூல்ட்ஸ் 1932-ல் வெளியிட்ட முறையில், கை கனக்கிறது, சூடாகிறது என்று முயற்சியில்லாத கவனத்துடன் நினைக்க வேண்டும். கனக்க வைக்கக் கூடாது. கனக்க விட வேண்டும். முங்கேர் சுவாமி சத்யானந்த சரஸ்வதி, யோக நித்ரையில் அங்கம் அங்கமாகக் கவனத்தைக் கொண்டுபோகும் முறையை நியாசத்திலிருந்து எடுத்தார். ஜபத்துக்கு முன் கர நியாசம், அங்க நியாசம் செய்யும் நமக்கு இது அந்நியமா?

என் அனுபவத்தில் பலித்தவை இவை. தினமும் ஒரே நேரம், ஒரே பதிவு. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள். அரித்தால் சொறிந்துகொள்ளுங்கள், அடக்குவதுதான் பெரிய இடைஞ்சல். மனசு பென்ஷன் பாக்கிக்கு ஓடினால் திட்டாமல் மறுபடி குரலுக்கே வாருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்பினால் சரி. பகலில் பயிற்சி செய்து தூங்கிப் போகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கலாம்.

மூன்று எச்சரிக்கை. வண்டி ஓட்டும்போது இவற்றைக் கேட்கவே கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்கு வழி காட்டியது புத்தகம் மட்டுமல்ல. கோட்டை ஹைஸ்கூல் மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளுக்கு நாங்கள் சேர்ந்து போவோம். பாட்டு ஆரம்பித்ததும் என்ன ராகம், என்ன தாளம் என்று ஆராய ஆரம்பித்துவிடுவேன். அவள் சொல்வாள்: "பரீட்சையா எழுதப் போறேள்? காதுல விழறது, போதாதா? சும்மா கேளுங்கோளேன்."

பதினோராம் நாள் ராத்திரி அது ஞாபகம் வந்தது. சும்மா கேட்டேன். பதிவு எப்போது முடிந்தது என்று தெரியாது.

இப்போதும் சில நாள் இரண்டு மணிக்கு விழிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டு மணியைக் கண்டு இருந்த பயம் போய்விட்டது. எழுபதைத் தாண்டிய எனக்கு அதுவே பெரிய லாபம்.