கணிப்பொறியின் முன் நம் பிள்ளைகள்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். அதற்கு முன் மிதிவண்டியைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். தாய்மார்களில் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும்.

1991, 1992 ஆம் ஆண்டுகளில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார்கள். கல்லுடைத்த பெண்களும் வயற்கூலிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். விழுந்தார்கள், பார்த்தவர்கள் நகைத்தார்கள், எழுந்து மறுபடியும் ஏறினார்கள். ஒருத்தி ஏற, மற்றொருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். அக்கருவி அவர்களைச் சேரியைவிட்டு வெளியே கொண்டு சென்றது.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, மற்றுமொரு வாசல் திறந்தது என்று மகிழ்ந்தோம். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டால்தான் அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் தண்ணீர் குடிக்க முடியும். அவர் வழிவந்த பிள்ளைகளின் மடியில், யார் தொட்டாலும் இயங்குகிற பொறி வந்து அமர்ந்தது சிறிய செய்தியன்று. சாதிச் சான்றிதழுக்கும் இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பம் பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம்தான் போய்ச் சேர்கிறது என்பது வேறு கதை.

ஆயினும் மிதிவண்டியை வீதியில் பலரோடு கற்றோம். கைப்பேசியைப் பிள்ளைகள் போர்வைக்குள் தனியே கற்கிறார்கள். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் அறிந்த வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசிதான். அதுவும் அண்ணன் கையில் இருந்தது, தங்கைக்குக் கிட்டவில்லை.

தனியே இருக்கும் இளைஞன் தான் யார் என்று அந்தத் திரையிடம் கேட்கிறான். அது என்ன விடை தருகிறது? நம் மாவட்டத்து வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. இன்று அப்பெயரைத் தட்டினால் தொட்டிதான் முன்னே வந்து நிற்கிறது. அவ்வூரில் பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் தன் ஊரை அத்தொட்டியாகவே காண்கிறது. அதே திரையின் மறுபக்கத்தில் வாளும் சிங்கமும் 'ஆண்ட பரம்பரை' முழக்கமும் வரிசையாக வருகின்றன. அவற்றை நம்மவர்களும் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

இது தற்செயலாக நிகழ்வதன்று. எதை நெடுநேரம் பார்த்தோமோ அதைப் போன்றதையே அப்பொறி மேலும் முன்னே தள்ளுகிறது. சினம் கொண்டவன் நெடுநேரம் பார்ப்பான். அவன் பார்க்கும் நேரமே விளம்பரக்காரருக்கு விற்கப்படும் சரக்கு. ஒருவன் மனத்தில் இழிவும் வீண்பெருமையும் மாறி மாறி ஊறுவது அந்த வணிகத்துக்கு நட்டமில்லை. தன் மதிப்பை விருப்பக்குறிகளின் எண்ணிக்கையில் காணும் பழக்கமும் அங்கிருந்தே வருகிறது.

சென்ற ஆண்டு நம் கட்டுரைப் போட்டிக்கு வந்த தாள்களில் பல ஒரே நடையில் இருந்தன. பொறியிடம் கேட்டு எழுதியவை. பிழையே இல்லை, நம் ஊர்களும் இல்லை.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாக வீசிய பெயரையே முகப்பில் பொறித்தார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சுப்பொறி நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு அவர்கள் நிற்கவில்லை. அதைக்கொண்டு தாமே பேசினார்கள்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கழக அறையிலுள்ள நான்கு கணிப்பொறிகளும் இனி ஞாயிறுதோறும் மாலையில் திறந்திருக்கும். ஒரு பொறிக்கு மூவர் அமரவேண்டும். தனியே அமர இடமில்லை. மிதிவண்டி கற்ற பாட்டிமார்களை அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். நம் குளங்களையும் கல்குவாரிகளையும் பள்ளிகளையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் முறையையும் அங்கே கற்றுத் தருவோம். முதல் மூன்று வாரங்கள் பெண் பிள்ளைகளுக்கு உரியவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.