கக்கும் பிள்ளை தக்கும்

(தமிழ்ச் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் பச்சிளங் குழந்தை பால் கக்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் புன்னகை புரியலாம். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந் தள்ளுபவர்க்கு மருத்துவம் எதற்கு என்றும் கேட்கலாம். நாம் மருத்துவம் உரைக்க வரவில்லை. ஹௌராவிலிருந்து சென்னை சுமார் 1,660 கிலோமீட்டர். கார்டன் ரீச்சில் பிறக்கும் நம் குழந்தைகள் பலவற்றின் பாட்டிமார் அத்தனை தொலைவுக்கு அப்பால் இருக்கின்றனர். ஊரில் பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் பகிர்ந்து சுமந்த பாரம் இங்கே ஒரு தாயின் தோளில் வந்து விழுகிறது. அதைப் பற்றியே பேச விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் தங்கியிருந்த தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் வாரம் தொட்டு அக்குழந்தை படுக்க மறுத்தது. பால் குடித்தபின் தோளில் சாய்த்திருக்கும் வரையில் அமைதி. படுக்கையில் கிடத்திய மறுகணமே உடலை வில்லாக வளைத்து அலறும். பால் எதுக்களித்து வாயாலும் மூக்காலும் வரும். இரவெல்லாம் இதே கதை. ஊரிலிருந்து எங்கள் தாயார் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அறிவுரைகள் குவிந்தன. உரம் விழுந்திருக்கிறது, புடவையில் இட்டு உருட்டி எடுங்கள் என்றார் ஒருவர். தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பாப் பாலுக்கு மாற்றுங்கள் என்றார் மற்றொருவர். தலையணை வைத்துச் சாய்வாகப் படுக்க வையுங்கள் என்றார் இன்னொருவர். அடுத்த வீட்டு வங்காள அம்மையார் மட்டும், "துத் தோலா! எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான்" என்று சிரித்தார். எல்லாரும் அன்பினாலேயே சொன்னார்கள்; ஆனால் எல்லாம் சரியல்ல.

முதலில் காரணத்தைக் காண்போம். உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் தசை வளையம் ஒன்று உண்டு. உள்ளே சென்றது மேலே வராமல் காப்பது அதன் பணி. பச்சிளங் குழந்தையிடம் அவ்வளையம் அடிக்கடி கணநேரம் நெகிழ்ந்து விடுகிறது. குழாயோ மிகக் குட்டை, இரைப்பை சிறியது, உணவு முழுவதும் நீர்மம், வாழ்வதோ பெரும்பாலும் படுத்த நிலையில். பால் மேலேறாமல் என்ன செய்யும்? முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ இரண்டில் ஒரு குழந்தை நாள்தோறும் ஒரு முறையேனும் கக்குகிறது என்று 1997ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. நான்காம் மாதத்தில் அது உச்சமடைகிறது. ஏழாம் மாதத்தில் வெகுவாகக் குறைகிறது. ஓராண்டு நிறையும்போது நூற்றுக்கு ஐந்து குழந்தைகளிடமே எஞ்சுகிறது. ஆகவே இரண்டாம் மாதத்தைவிட நான்காம் மாதம் கடினமாயிருந்தால் தாய் கலங்க வேண்டுவதில்லை. எங்கள் குழந்தையும் ஏழு மாதத்தில் தெளிந்து விட்டது.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இதில் கருத்தூன்ற வேண்டிய சொல் 'தக்கும்' என்பதே. எவ்வளவு கக்கியது என்று அளக்காதீர். எவ்வளவு தக்கியது என்று அளந்து பாருங்கள். துணியில் பரவிய பால் கண்ணுக்குப் பெரிதாகவே தெரியும். எடையே உண்மை உரைக்கும். முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடுதல் வேண்டும். தடுப்பூசிக்குச் செல்லும்போதெல்லாம் எடையைப் பார்த்துத் தாய்-சேய் அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலேறுகிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் பழமொழி மெய்யாகி விட்டது.

மெய்யாகாத இடங்களும் உண்டு. அவற்றைத் தாய் மட்டுமன்றித் தந்தையும் மனப்பாடம் செய்தல் வேண்டும். கக்கல் பச்சை நிறமாயினும், குருதி கலந்து வரினும், வயிறு உப்பினும், ஒரு மாத அளவிலான குழந்தை ஒவ்வொரு முறையும் பாலைப் பீய்ச்சியடித்தாற்போல் தொலைவில் வாந்தி எடுப்பினும், பால் குடிக்க மறுப்பினும், எடை நின்று போயினும், காய்ச்சலோ மூச்சுத் தடையோ நீலம் பாய்தலோ தோன்றினும், ஆறு மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கினும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

இனி, படுக்க மறுக்கும் குழந்தையை எப்படிக் கிடத்துவது? இங்கேதான் உலகம் ஒரு பெரும் பாடம் கற்றது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூல், 1958ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிற்று. மல்லாந்து கிடந்து கக்கினால் மூச்சு அடைக்கும் என்பது அக்கால அச்சம். ஆனால் குப்புறக் கிடந்த குழந்தைகளே உறக்கத்தில் திடீரென்று மிகுதியாக மாண்டன. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாந்தே கிடத்துக என்ற இயக்கங்கள் எழுந்தன. அத்தகைய சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழாய் கீழுமாக அமைகிறது. கக்கிய பால் மேல்நோக்கி ஏறியன்றோ மூச்சுக்குழலைச் சேர வேண்டும்? ஆகவே கக்கும் குழந்தைக்கும் மல்லாந்த நிலையே காவல்.

சாய்வுப் படுக்கை மட்டும் ஏற்றதா? அமெரிக்காவில் 'ராக் அண்ட் ப்ளே' என்னும் சாய்வுத் தொட்டில் 2009 முதல் விற்பனையாயிற்று. படுக்க மறுக்கும் குழந்தைகள் அதில் உறங்கின என்று பெற்றோர் மகிழ்ந்தனர். அதிற் கிடந்த குழந்தைகள் முப்பதுக்கு மேல் இறந்தமை வெளிப்பட்டபின், 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022இல் பத்துப் பாகைக்கு மேற்பட்ட சாய்வுடைய உறக்கத் தொட்டில்களை அந்நாட்டுச் சட்டமே தடை செய்தது. சாய்ந்த இடத்தில் பச்சைக் குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து, மோவாய் மார்பில் அழுந்தி, மூச்சு வழி குறுகுகிறது. குறுகி அமர்ந்த நிலையில் வயிறு நெருக்குண்டு கக்கலும் தணிவதில்லை.

நம் தூளியைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. தூளியில் வளராத தமிழர் நம்மில் யார்? எனினும் தூளியும் வளைந்ததே. அதன் துணி முகத்தருகே மூடுவதும் உண்டு. விழித்திருக்கும் குழந்தையைத் தாலாட்டி அமைதிப்படுத்துக. உறங்கிய பின் எடுத்துச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாத்துக. வங்காள இல்லங்களில் அன்போடு தரும் கடுகுத் தலையணையையும் நன்றியோடு பெற்று, உறக்கத்தின்போது அப்பால் வைத்திடுக.

பகலில் செய்யத்தக்கன சில. ஒரேயடியாக ஊட்டாமல் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுக. இடையிலும் முடிவிலும் ஏப்பம் விடுவிக்க. பால் குடித்தபின் இருபது முப்பது நிமிடம் முதுகு நிமிரத் தோளில் வைத்திருக்க. வயிற்றை இறுக்கும் துணியைத் தளர்த்துக. பால் குடித்தவுடன் உருட்டுவதும் எண்ணெய் தேய்ப்பதும் ஆகா. தொண்டையில் விரலிட்டுக் கோழை எடுப்பது எப்போதுமே ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர், அது டப்பாப் பாலைவிட விரைவில் இரைப்பையை விட்டகல்கிறது. மருத்துவர் சொல்லாமல் கஞ்சி கலப்பதும், கடையில் கேட்டு மருந்து புகட்டுவதும் வேண்டா. சிசப்ரைடு என்னும் மருந்தை எத்தனையோ குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அது இதயத் துடிப்பைக் குலைக்கிறதென்று கண்டு 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கினார்கள்.

இத்தனையும் அறிந்தபின் எஞ்சுவது இரவு. விழித்திருப்பவர் தோளில் குழந்தை பத்திரம். தூங்கிவிட்டவர் தோளில் அன்று. நாற்காலியிலோ சோபாவிலோ குழந்தையை மார்பிற் சாய்த்தபடி களைத்த தாய் கண்ணயர்ந்து விடுவதே பெரும் அபாயம். அவளுடைய களைப்பைப் பொறுமையின்மை என்று சொல்வது அநியாயம். ரயில்வே குடும்பங்களாகிய நமக்கு இது விளங்காததா? ஒரே மனிதரின் கண்விழிப்பை நம்பி ரயிலோட்டம் நடைபெறுகிறதா? டூட்டிக்கு ரோஸ்டர் உண்டு. ஒருவர் இறங்க ஒருவர் ஏறுகிறார். தூக்கம் கெட்டவர் கையில் பச்சைக்கொடி கொடுப்பதில்லை. அந்த நியாயத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வருவோம்.

தங்கையின் வீட்டுக்காரரும் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரவு பத்து மணிப் பால் முடிந்ததும் குழந்தை தந்தையின் தோளுக்கு; ஒரு மணிப் பாலுக்குப் பின் எங்கள் இல்லத்தரசியின் தோளுக்கு; நான்கு மணிக்கு எங்கள் தோளுக்கு. தாய்க்குப் பால் கொடுப்பது மட்டுமே வேலை. அரைமணி நிமிர்த்திப் பிடித்து, கண் சொருகியதும் மெல்லக் கிடத்துவோம். அழுதால் எடுத்து, மறுபடியும் கிடத்துவோம். கக்கல் ஒரு நாளில் நிற்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அத்தாயின் முகம் தெளிந்தது.

காலனியிலுள்ள ஆடவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை வளர்ப்பு பெண்கள் காரியம் என்று செய்தித்தாளில் முகம் புதைக்காதீர். தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த குவார்ட்டர்ஸில் நள்ளிரவில் விளக்கெரிந்து குழந்தை அழுதால், மறுநாள் அறிவுரையோடு போகாதீர்; "இரண்டு மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ தூங்கு அம்மா" என்று போங்கள். பாட்டியை இங்கே கொண்டுவர இயலாவிடினும் பாட்டியின் தோளை நாம் தரலாம். தமிழரென்று இவ்வயலூரில் கூடி வாழ்வதற்கு இதனினும் சிறந்த பயன் வேறு என்ன?