பிழைப்புத் தேடிச் செல்வோர் பேண வேண்டிய அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. சலவாத்தும் சலாமும் நம் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! உயிருக்கு அஞ்சி மிஸ்ரை விட்டு வெளியேறிய நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்த்துறையை அடைந்தபோது, அங்கே அவர்களுக்கு அறிமுகமான முகம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆடுகளுக்கு நீர் புகட்ட இயலாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு உதவிவிட்டு, நிழலில் ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் மட்டுமே முறையிட்டார்கள். அதன் பின்னரே வேலை அவர்களைத் தேடி வந்தது. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவர்களைப் பரிந்துரைத்தபோது இரண்டே தகுதிகளைத்தான் குறிப்பிட்டார்: ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகம். அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் இதனைக் கூறுகின்றது. எட்டாண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவர் விருப்பம் என அடுத்த வசனத்திலேயே ஒப்பந்தமும் ஐயமின்றிப் பேசி முடிக்கப்படுகின்றது.

இன்று நம் மஹல்லாக்களிலிருந்து இளைஞர்கள் பலர் கனடாவில் லாரி ஓட்டச் செல்ல விழைகின்றனர். உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்த எண்ணத்தில் இருக்கக்கூடும். பிழைப்புக்காகப் பூமியில் பரந்து செல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்சாரித் தோழருக்கு துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று உயர்ந்தார்கள். ஆகவே கேள்வி செல்வதா, வேண்டாமா என்பதன்று. எப்படிச் செல்வது என்பதே.

சிலர் தாயின் நகையை விற்று, ‘வேலைக் கடிதம்’ ஒன்றை விலைக்கு வாங்குகின்றனர். ஓட்டாத வண்டிக்கு அனுபவச் சான்றிதழும் கிடைக்கின்றதாம்! தற்காலிக வெளிநாட்டுப் பணியாளரிடம் ஆளெடுப்புச் செலவை வசூலிப்பது கனடாவின் விதிப்படி முதலாளிக்குத் தடுக்கப்பட்டதாகும். பொய்யான விவரம் கொடுத்தது வெளிப்பட்டால் ஐந்தாண்டுகள் அந்நாட்டில் நுழைய முடியாது. நிரந்தரக் குடியேற்றத் தரவரிசையில் வேலைக் கடிதத்துக்கு வழங்கி வந்த கூடுதல் புள்ளிகளையே 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது; மோசடியைக் குறைப்பதே நோக்கம் என்றும் அறிவித்தது. ஆயினும் தரகர் பழைய கதையையே சொல்லிப் பணம் கேட்பார். ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்ற நபிமொழி தரகருக்கு மட்டும் உரியதன்று. பொய்ச் சான்றிதழை ஏந்திச் செல்பவருக்கும் உரியதே.

பொய்ச் சான்றிதழின் விலை பணத்தோடு முடிந்துவிடுவதில்லை, சகோதரர்களே! 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காட்சுவான் மாகாணத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஹம்போல்ட் நகரின் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்கள் போட்டிக்காகப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தனர். நாற்சந்தி ஒன்றில், நில் என்னும் பலகையில் நிற்காமல் குறுக்கே வந்த லாரி மீது அப்பேருந்து மோதியது. பதினாறு பேர் மாண்டனர், பதின்மூவர் காயமுற்றனர். லாரியை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய இளைஞர். மது அருந்தியவர் அல்லர், தீயவரும் அல்லர். இரண்டு வாரப் பயிற்சி பெற்று, வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பின்னால் காற்றில் அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயைக் கவனித்ததில், முன்னால் வரிசையாக இருந்த எச்சரிக்கைப் பலகைகள் அவர் கருத்தில் பதியவில்லை. இறந்தோரின் பெற்றோரை வழக்கு விசாரணை என்று அலைக்கழிக்க விரும்பாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019இல் எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2024இல் நாடுகடத்தும் ஆணையும் பிறந்தது. லாரியின் உரிமையாளருக்கோ பதிவேட்டு விதிகளை மீறியதற்காக 5,000 டாலர் அபராதம்! இந்தக் கணக்கைப் படிக்கும்போது என் நெஞ்சம் ஆறவில்லை. தவறுதலாக உயிர் போக்கியவருக்கும் ஈட்டுத்தொகையும் பரிகாரமும் உண்டு என அன்னிஸா 92ஆம் வசனம் விதிப்பது ஏன் என்பதையும் அப்போதுதான் ஊன்றி எண்ணினேன். நோக்கமில்லை என்பதால் உயிர் மலிவாகிவிடுவதில்லை.

அவ்விபத்துக்குப் பின் 2019 மார்ச்சில் அம்மாகாணம் 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஒன்டாரியோ 2017லேயே 103.5 மணி நேரம் என விதித்திருந்தது. நம் ஊர்க் கனரக உரிமத்தைக் காட்டி அங்கே டிரெய்லரை ஓட்ட இயலாது. வண்டி செல்வதோ சாலையின் வலப்பக்கம். கடுங்குளிரில் டீசல் உறையும். தார்ச்சாலையின் மீது கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய டயர்ச் சங்கிலியின்றிக் கனரக வண்டி செல்லக் கூடாது. இவற்றைக் கற்பதே மத்யனில் சொல்லப்பட்ட ‘வலிமை’.

நம்பகம் என்பது பயணப் பதிவேட்டில் வெளிப்படும். மாகாணம் கடந்து செல்லும் ஓட்டுநர் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. முன்பு தாளில் எழுதினர். 2023 முதல் மின்னணுக் கருவியில் பதிவாகின்றதா எனச் சோதித்துத் தண்டிக்கின்றனர். கருவியையும் ஏமாற்ற வழி சொல்லும் முதலாளி இருந்தால், அந்த வேலையை விட்டுவிடுங்கள். இன்னும் சிலர், ஓட்டுநரைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்யச் சொல்லி, விடுப்பு ஊதியமும் விபத்துக் காப்பீடும் இல்லாமல் செய்வர். ஊழியரை ஊழியர் அல்லர் எனக் காட்டுவதை, கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு 2021 முதல் தொழிலாளர் சட்டம் தடுத்துள்ளது. மூஸா (அலை) அவர்களைப் போல் நிபந்தனையை முதலிலேயே கேட்டறியுங்கள்.

அந்தக் குளிரில் தொழுகை எப்படி என்கின்றீர்களா? தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில், குளிர்ந்த இரவில் குளிப்பு கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை. ஆனால் நீரைச் சுடவைக்க வசதி இருக்கும்போது இச்சலுகை பொருந்தாது. தோலாலான காலுறை மீது மஸஹு செய்யப் பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு அவகாசம் உண்டு. நெடும்பயணத்தில் கஸ்ரும், ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜம்உம் உண்டு. ஹனஃபிகள் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

2010ஆம் ஆண்டு, வின்னிபெக் நகரில் கட்டிய சிறு பள்ளிவாசல் ஒன்றை லாரியிலும் பின்னர் ஆற்றுப் படகிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுசென்று, துருவ வட்டத்துக்கு அப்பால் உள்ள இனுவிக் ஊரில் நிறுவினர். குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியனே உதிக்காத அவ்வூரிலும் இன்று பாங்கொலி உண்டு.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு சொல். நமக்கு மஃரிபு ஆகும் வேளையில், குளிர்கால ஆல்பர்ட்டாவில் விடியலுக்கு முந்திய ஆறு மணி. மகன் அப்போதுதான் வண்டியை எடுத்திருப்பார். பணம் அனுப்பினாயா என்று அந்நேரம் தொலைபேசியில் அழைக்காதீர்கள். வண்டியை நிறுத்தியபின் அவரே அழைக்கட்டும்.