துபுய்: குன்று கொடுத்த பெயர்

பிரான்சில் துபுய் என்றொரு குடும்பப் பெயர் உண்டு. குன்றின்மேலோ குன்றடியிலோ குடியிருந்தவர் என்பது அதன் பொருள். துமோன் என்ற பெயருக்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். ஆனால் துமோனில் உள்ள 'மோன்' பிரான்ஸ் முழுவதும் வழங்கும் சொல். துபுயில் உள்ள 'புய்' தெற்கத்திச் சொல். தெற்கே இடைக்காலத்தில் மக்கள் பேசியது பிரெஞ்சு அல்ல, ஒக்சித்தான்.

'புய்' என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'போதியும்'. உரோமர்களின் வட்டரங்கில் பெருங்குடியினர் அமர்ந்த உயர்ந்த மேடைக்கு அந்தப் பெயர். தெற்கே அது புய், புயெஷ், பெஷ் என்றெல்லாம் திரிந்து, தரையிலிருந்து எழும்பி நிற்கும் குன்றைக் குறிக்கலாயிற்று. ஒவேர்ஞ் பகுதிக்குப் போனால் அதன் பொருத்தம் கண்ணுக்கே தெரியும். கிளெர்மோன் ஃபெரான் நகருக்கு மேற்கே சுமார் 80 எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. எரிந்து அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று புல்லும் காடும் போர்த்த மேடுகள். அவற்றில் உயர்ந்ததான புய் த தோம் 1,465 மீட்டர். 2018-இல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மலையின் பெயர் மனிதருக்கு வந்தது எப்படி? இடைக்காலத்தில் ஊருக்கு ஊர் பியேர், ழான், கியோம் என்று ஒருசில பெயர்களே திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. எந்த பியேர் என்று கேட்டால், "குன்றுமேல் வீட்டு பியேர்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். அந்த அடையாளம் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. குடும்பம் குன்றைவிட்டு வெகுதூரம் போன பின்னும் பெயர் கூடவே போனது.

1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர், அரசு ஆவணங்களைப் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். எழுத்தர்கள் தெற்கத்திப் பெயர்களின் முன்னொட்டைப் பிரெஞ்சாக்கினார்கள்: 'தெல்' போய் 'து' வந்தது. தெல்மாஸ் என்ற பெயர் துமா ஆனதும் இப்படித்தான். 'மாஸ்' என்றால் தெற்கத்திப் பண்ணைவீடு. புதுச்சேரியில் துமா வீதி இருக்கிறதே, 1735 முதல் 1741 வரை ஆளுநராக இருந்த பியேர் பெனுவா துமா, அந்தக் குடும்பப் பெயர்க்காரர்தான். முன்னொட்டு மாறினாலும் புய்யும் மாஸும் அழியவில்லை. இந்தப் பெயர்களில் என்னை மிகவும் கவர்வது இதுதான்: ஆணையால் ஒதுக்கப்பட்ட ஒரு மொழி, ஆவணத்துக்குள்ளேயே உயிரோடு தங்கிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசியில் வேறோர் எழுத்தோடு வரும் இன்னொரு துபுய் உண்டு. அது பெரும்பாலும் கிணற்றடி வீட்டுக்காரரின் பெயர். ஒலியில் இரண்டும் ஒன்றே. வானொலியில் கேட்டால் குன்றா கிணறா என்று பிரெஞ்சுக்காரருக்கே தெரியாது.

1794 ஆகஸ்டு 23-இல், புரட்சி அரசு ஒரு சட்டம் போட்டது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் சூடக்கூடாது என்றது. ஒரே குன்றிலிருந்து பிறந்த துபுய், தெல்பெஷ், தெல்புயெஷ் ஆகியவை அதன்பின் தனித்தனிக் குடும்பங்களாகவே நின்றுவிட்டன.