நாள் குறித்துப் பிறந்த அணி

மும்பை-புனே விரைவுச் சாலையில் வருகிறவர்கள் கஹுஞ்சே பக்கம் இருக்கும் பெரிய கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்காமல் ஊருக்குள் நுழைய முடியாது. 2017 கோடையில் ரைசிங் புனே சூப்பர்ஜெயண்ட் என்ற ஐபிஎல் அணி அங்கே ஆடியது. ஆயுள் இரண்டே ஆண்டு என்று நாள் குறித்துவிட்டுத்தான் அந்த அணியைப் பிறக்கவே வைத்தார்கள். சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸும் ராஜஸ்தான் ராயல்ஸும் இரண்டு ஆண்டு விலக்கி வைக்கப்பட்டபோது, காலியான இடங்களுக்குப் புனேயும் ராஜ்கோட்டும் வந்தன. அதற்கான ஏலமும் தலைகீழ்: குறைவாகக் கேட்பவருக்கே அணி. கொல்கத்தாவின் சஞ்சீவ் கோயங்கா குழுமம் மைனஸ் 16 கோடி ரூபாய் என்று கேட்டது. கிரிக்கெட் வாரியம் தரும் பங்கு வேண்டாம், ஆண்டுக்கு 16 கோடியை நாங்களே கட்டுகிறோம் என்று அதற்குப் பொருள். இப்படி வாடகைக்கு வந்த அணிக்கு என்ன பெரிய வரலாறு என்று கேட்பார்கள். எனக்கோ, நாளை என்று ஒன்று இல்லாததே அந்த 2017 அணியின் பலம் என்று தோன்றுகிறது.

பத்து ஆண்டு இருக்கப்போகிற அணிக்குக் காப்பாற்ற வேண்டியவை நிறைய: நட்சத்திரத்தின் முகம், ரசிகர்களின் மனசு, விளம்பர ஒப்பந்தம். புனேக்கு அந்தச் சுமை இல்லை. 2017 பிப்ரவரியில் தோனியிடமிருந்து தலைமையை எடுத்து ஸ்டீவ் ஸ்மித்திடம் கொடுத்தார்கள். அதைச் செய்த விதம் நாகரிகமானது என்று நான் வாதாட மாட்டேன்; தமிழ்க் காதுகளுக்கு அது இன்றும் உறுத்தும். ஆனால் நிரந்தர அணி எளிதில் துணியாத காரியம் அது. யாரெல்லாம் ஆட்டங்களை வென்று தந்தார்கள் என்றும் பாருங்கள். மகாராஷ்டிர ரஞ்சி வீரர் ராகுல் திரிபாதி, விலை 10 லட்சம். ஈடன் கார்டனில் கொல்கத்தாவுக்கு எதிராக 52 பந்தில் 93. ஜெய்தேவ் உனத்கட், விலை 30 லட்சம். அந்தப் பருவத்தில் 24 விக்கெட். ஹைதராபாத்தில் கடைசி ஓவரில் எதிரணிக்கு 13 ரன் வேண்டும் என்ற நிலையில், ஹாட்ரிக் எடுத்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். ஏலத்தில் யாரும் சீந்தாத இம்ரான் தாஹிர், மிட்செல் மார்ஷுக்கு மாற்றாக வந்து 18 விக்கெட் எடுத்தார். காயத்தால் அஸ்வின் விலகிய இடத்துக்கு வந்தவர் 17 வயதுச் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். சமையலில் மிஞ்சியதைப் போட்டுத் தாளித்த குழம்பு சில நாள் விருந்தையே தோற்கடிக்கும் இல்லையா, அப்படி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2016-லும் இதே தற்காலிக அணிதானே, அப்போது 14 ஆட்டத்தில் ஐந்தே வெற்றியோடு ஏழாவது இடத்தில் முடிந்தது ஏன்? நியாயமான கேள்வி. அந்த ஆண்டு பீட்டர்சன், டு பிளெஸ்ஸி, ஸ்மித், மார்ஷ் நால்வரும் காயத்தால் வெளியேறினார்கள். மகாராஷ்டிர வறட்சியை முன்னிட்டு உயர் நீதிமன்றம் உத்தரவிட, சொந்த மைதானமே பாதியில் விசாகப்பட்டினத்துக்குப் போனது. இவற்றை ஒதுக்கிவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. 2016-ல் அவர்கள் சென்னை அணியைப் பிடுங்கி வந்து இங்கே நடப் பார்த்தார்கள். கடைசி ஆண்டு என்று ஆனபிறகுதான் அந்த ஆசை விட்டது.

பணம் கொடுத்து வாங்கிய வெற்றி என்பது அடுத்த மறுப்பு. பென் ஸ்டோக்ஸுக்கு 14.5 கோடி கொடுத்தது உண்மை. 316 ரன், 12 விக்கெட்டுடன் தொடரின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே போனதும் உண்மை. ஆனால் பிளே ஆஃப் தொடங்கும்போது ஸ்டோக்ஸும் இல்லை, தாஹிரும் இல்லை. தத்தம் நாட்டு அணிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த மிச்ச அணி வான்கடேயில் மும்பையை 20 ரன்னில் வென்றது. தோனி 26 பந்தில் 40. பிறகு வாஷிங்டன் சுந்தர் 16 ரன் கொடுத்து ரோஹித், ராயுடு, பொல்லார்ட் மூவரையும் எடுத்தார். அந்தப் பருவத்தில் அதுவரை மும்பையோடு மோதிய மூன்று ஆட்டத்திலும் வெற்றி புனேக்கே.

நான்காவது மோதல் மே 21, ஹைதராபாத், இறுதிப் போட்டி. மும்பை எடுத்தது 129. மிட்செல் ஜான்சன் வீசிய கடைசி ஓவரில் புனேக்கு 11 ரன் தேவை. முதல் பந்தில் திவாரி நான்கு அடித்தார், அடுத்த பந்தில் பிடிபட்டார். மூன்றாவது பந்தில் 51 ரன்னோடு ஸ்மித்தும் பிடிபட்டார். கடைசிப் பந்தில் நான்கு வேண்டும். கிறிஸ்டியன் அடித்து இரண்டு ஓடி, மூன்றாவதுக்குப் பாய்ந்து ரன் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. கோப்பை இல்லாத பருவம் பேசப்படும் தகுதி உள்ளதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க பேஸ்பாலைக் காட்டுகிறேன். 1994-ல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வியுடன் எல்லா அணிகளையும் முந்தி நின்றபோது வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவமே நின்றுபோனது. 2005-ல் அணியும் வேறு ஊருக்குப் போய்விட்டது. போன ஊர் வாஷிங்டன் என்பது நமக்கு ஒரு வேடிக்கையான பெயர்ப் பொருத்தம். அணி போனாலும் அந்தப் பருவம் பேச்சிலிருந்து போகவில்லை. இங்கேயே பாருங்கள், 2011 முதல் மூன்று ஆண்டு ஆடிய புனே வாரியர்ஸ் ஒவ்வொரு முறையும் பட்டியலின் அடிப்பக்கத்தில்தான் கிடந்தது; ஓராண்டு கூடுதலாக இருந்தும் அதன் எந்த ஆட்டத்தை யார் பேசுகிறார்கள்?

2021-ல் அதே கோயங்கா குழுமம் 7,090 கோடி கொடுத்து லக்னோ அணியை வாங்கியது. சூப்பர் ஜெயண்ட்ஸ் என்ற பெயரும் அங்கே போயிற்று. கஹுஞ்சேயில் அந்தக் கடைசிப் பருவத்துக்குப் பிறகு புனேயின் பெயரில் ஐபிஎல் அணி எதுவும் ஆடவில்லை.