பெட்டியில் ஒரு சுவெட்டர் இருக்கட்டும்

(வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் பெண்கள் மத்தியில், தன்னாமுனையில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



நாங்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறோம். உங்கள் மட்டக்களப்பில் மார்கழி மழையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் நுவரெலியாப் பக்கம் தை மாசத்தில் புல்லிலே உறைபனி படியும். கம்பளி இல்லாமல் மலைக்கு ஏறமாட்டோம். அப்படிப்பட்ட நாங்களே உடுப்பு விசயத்தில் ஏமாந்து போனோம்.

எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி ஒரு தை மாசம் ஜோர்தானுக்குப் போனாள். "அரபு நாடுதானே, வெயில்தானே" என்று நினைத்து மெல்லிய சட்டை நாலும் ரப்பர் செருப்பும் கொடுத்து அனுப்பினோம். அம்மான் நகரம் மலைமேல் இருக்கிறது. சில வருசங்களில் பனி கொட்டும். மொட்டை மாடியில் ஈரத்துணி காயப்போட்டு விரலெல்லாம் வீங்கிப் போச்சு என்று அவள் போனில் அழுதபோதுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

குவைத், ரியாத் போகிறவர்களும் கேளுங்கள். குவைத்தில் 2016 ஜூலையில் வெயில் 53.9 பாகைக்கு ஏறியது. அதே ஊரில் மார்கழி, தை மாச இரவுகள் சிலவற்றில் 5 பாகைக்கும் கீழே இறங்கும். பாலைவன மண் பகலில் சீக்கிரம் சுடும், இரவில் சீக்கிரம் ஆறும்.

ஆகையால் எந்த மாசம் போய் இறங்குகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இரண்டு வருசம் என்றால் இரண்டு குளிர்காலம் வரும். வெயிலுக்கு நைலோன் வேண்டாம்; தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. குளிருக்குத் தடித்த உடுப்பு ஒன்றை மட்டும் நம்பாமல் உள்ளே பருத்தி பெனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேலே கம்பளிச் சுவெட்டர் என்று அடுக்கிப் போடுங்கள். அடுக்குக்குள் நிற்கிற காற்றுத்தான் சூட்டைக் காக்கும். வேலை செய்து வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். மேஸ் இரண்டு சோடி, மூடின சப்பாத்து, காது மூட ஒரு சால்வை. மண்காற்று அடித்தால் அதே சால்வை மூக்குக்கும் உதவும். சுவெட்டரைக் கைப்பையில் வையுங்கள், விமானத்திலேயே குளிரும்.

இன்னொன்று. குளிருது என்று பூட்டின அறைக்குள் கரியடுப்பு வைத்துப் படுக்காதீர்கள். அந்த நச்சு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

உடுப்புப் போதாவிட்டால் வீட்டுக்கார அம்மாவிடம் கேளுங்கள். அது பிச்சை இல்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி, சாப்பாடு போல உடுப்பும் எசமான் தரவேண்டியது.

பிள்ளைகளுக்காகப் போகிறீர்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுகமாய்ப் போய் வாருங்கள்.