பாட்டுப்பெட்டியும் தையல் மெசினும்

(நூற்றாண்டு நிதி பற்றிக் கலந்துரையாடக் கூடிய பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற கூட்டத்திற்கு வந்தவர்களுக்கு இந்த உரை எங்கிருந்து பிறந்தது என்று தெரியும். மனைப்பொருளியல் அறையில் இருக்கும் தையல் மெசின்களை அகற்றிவிட்டு, பக்கத்து அறையையும் சேர்த்துப் பெரிய கணினிக் கூடமாக்குவது என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. தையலின் காலம் முடிந்தது, கணினிதான் இனிச் சோறு போடும் என்றார் ஒரு அக்கா. அப்பிள் கம்பனி கணினியை நம்பித்தானே உயர்ந்தது என்றும் சொன்னார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து, அப்பிளைக் காப்பாற்றியது கணினி அல்ல, பாட்டுக் கேட்கும் ஐபொட் என்றார். தேநீர் ஆறும் வரை அந்த விவாதம் ஓயவில்லை. கடைசியில் செயலாளர், தொண்ணூறுகளில் உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பைப் பார்த்து, அடுத்த முறை நீங்களே இதைப் படித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

எங்கள் வகுப்பில் கணக்காளர் இருக்கிறார், வங்கி முகாமையாளர் இருக்கிறார். ஆனாலும் மேடைக்கு வைத்தியரை ஏற்றிவிட்டார்கள். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. எந்தத் தனியார் வைத்தியசாலையிலும் இதே கேள்வி வருடா வருடம் எழும். வைத்தியர் நோயாளியைப் பார்க்கும் அறையால் வரும் வருமானம் சிறியது. இரத்தப் பரிசோதனைக் கூடமும் மருந்தகமும் கூடுதலாக உழைக்கும். அப்படியானால் அந்த அறையை மூடிவிடலாமா? மூடினால் பரிசோதனைக்கு யார் வருவார்கள்? இந்தக் கணக்கோடு நாங்கள் தினமும் வாழ்கிறோம்.

முதலில் அப்பிள். எங்கள் வயதுக்காரருக்குப் பாட்டு என்றால் கசெற். கண்டியில் ரெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்து வாங்குவோம். வோக்மன் வைத்திருந்த பிள்ளை வகுப்பில் அரசி. அப்பிள் தனது ஐபொட்டை 2001 ஒக்டோபரில் வெளியிட்டபோது நாங்கள் பேராதனையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தோம். விலை 399 டொலர். ஆயிரம் பாட்டுகள் சட்டைப் பையில் அடங்கும் என்றார்கள். ஆனால் அப்பிளின் மக் கணினி வைத்திருப்பவர்தான் அதில் பாட்டு ஏற்ற முடியும். அதாவது, கணினியை விற்பதற்கு ஒரு தூண்டில் போல அது இருந்தது. மீன் அவ்வளவாக மாட்டவில்லை. 2002இல் விண்டோஸ் கணினிக்கும் ஐபொட் வந்தது. 2003இல் பாட்டு விற்கும் ஐரியூன்ஸ் மென்பொருளும் விண்டோஸில் கிடைத்தது. அதன் பிறகுதான் விற்பனை மலைபோல் ஏறியது. மற்றவன் கணினியோடு சேர அனுமதித்த பிறகே பாட்டுப்பெட்டிக்குக் கால் முளைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது எண்கள். 2005 செப்டெம்பரில் முடிந்த நிதியாண்டில் மக் கணினிகளால் 6.3 பில்லியன் டொலர், ஐபொட்டால் 4.5 பில்லியன் டொலர் வருமானம். 2006இல் கதை மாறியது. ஐபொட் 7.7, மக் 7.4. மொத்த வருமானம் 19.3 பில்லியன். பாட்டுப்பெட்டி முந்திவிட்டது. பத்திரிகைகள் எல்லாம் அப்பிள் இனிக் கணினிக் கம்பனி இல்லை என்று எழுதின. 2007 ஜனவரியில் கம்பனியே தன் பெயரிலிருந்து ‘கம்பியூட்டர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த 2007ஆம் நிதியாண்டிலேயே மக் 10.3 பில்லியனுக்கு ஏறியது, ஐபொட் 8.3இல் நின்றது. பெயரிலிருந்து கணினியை நீக்கிய வருடம் கணினி மீண்டும் முந்தியது. அதற்குப் பிறகு ஐபொட் மக்கை எட்டிப் பிடிக்கவே இல்லை. அதனால் அக்கா சொன்னதும் சரி, தங்கை சொன்னதும் சரி. எந்த வருடத்து ஆண்டறிக்கையை யார் திறந்து பார்த்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் கணக்கீடு படித்த தங்கைமார் இங்கே கையுயர்த்த வேண்டும். நாங்கள் சொன்னது வருமானம். இலாபம் எங்கே? அப்பிள் அந்தக் காலத்தில் தன் கணக்கைப் பெரும்பாலும் பிராந்தியவாரியாகப் பிரித்துக் காட்டியதே தவிர, எந்தப் பொருளில் எவ்வளவு இலாபம் என்று வெளியிடவில்லை. 2006இல் விற்ற ஐபொட் 39.4 மில்லியன், மக் 5.3 மில்லியன். வகுத்துப் பார்த்தால் ஒரு ஐபொட் சராசரியாக 195 டொலர், ஒரு மக் 1,400 டொலருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மக் விற்கிற வருமானத்திற்கு ஏழு ஐபொட் விற்க வேண்டும். விளம்பரத்திற்கும் கடைக்கும் ஆராய்ச்சிக்கும் போகும் மேந்தலைச் செலவை இரண்டுக்கும் எந்த விகிதத்தில் பங்கு போடுவது? இரண்டு கணக்காளர் இரண்டு விதமாகப் பங்கு போட்டால் இரண்டு வேறு பொருள் ‘இலாபகரமான பொருள்’ ஆகிவிடும். எங்கள் வகுப்புக் கணக்காளர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பை இங்கே கொண்டுவர முடியவில்லை.

இன்னொரு செய்தி இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அப்பிளின் சொந்தக் கடைகளில் மக் வாங்கியவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதற்கு முன் மக் வைத்திராதவர்கள் என்று கம்பனியே சொல்லிவந்தது. அவர்களை அந்தக் கடைக்குள் இழுத்து வந்தவற்றில் பாட்டுப்பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படிப் பார்த்தால், மக் கணினியின் வருமானத்தில் ஒரு பகுதி ஐபொட்டின் உழைப்பு. எந்தப் பேரேட்டிலும் அது ஐபொட்டின் பெயரில் பதியப்படவில்லை. 2007இல் ஐபோன் வந்து பாட்டையும் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டது. 2022 மே மாதத்தில் ஐபொட்டைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இருபத்தொரு வருடத்தில் ஒரு பொருள் பிறந்து, வீட்டைத் தூக்கி நிறுத்தி, போயும் விட்டது.

இது கடல் கடந்த கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீடுகளிலேயே இதைவிடப் பழைய கதை ஒன்று மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. சிங்கர் தையல் மெசினைத்தான் சொல்கிறோம்.

ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் தன் மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். அன்று அதுதான் உச்சத் தொழில்நுட்பம், அதுவே அந்தக் காலத்துக் கணினி. சாதாரணக் குடும்பத்தால் முழுக்காசு கொடுத்து வாங்க முடியாத விலை. அதனால் 1856இல் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க், மாதாமாதம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். எங்கள் நாட்டில் ‘வாடகைக் கொள்வனவு’ என்று உயர்தர மாணவிகள் பாடமாக்கும் முறைக்கு உலகெங்கும் பெரிய அளவில் வழிகாட்டியவர்கள் இவர்கள்தான். இலங்கைக்கு சிங்கர் 1877இல் வந்தது. தையல் பழக்கினார்கள், மெசினைத் தவணைக்குக் கொடுத்தார்கள், மாதம் ஒருமுறை காசு வாங்க ஆள் வந்தார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறோம். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் இந்தப் பாடசாலைக்குப் பஸ் ஏறி வந்த பிள்ளைகள் எங்களில் எத்தனை பேர்? எங்கள் வகுப்பிலேயே, அம்மா இரவில் சட்டை தைத்த காசில் கொப்பியும் சப்பாத்தும் பஸ் சீசனும் வாங்கியவர்கள் பலர். சித்திரைக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் அந்த வீடுகளில் மெசின் சத்தம் விடியும் வரை ஓயாது. அந்த வருமானம் எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் பொறியியலாளரும் ஆசிரியையும் வைத்தியரும்தான் அதன் தேறிய இலாபம்.

சரி, கம்பனிக்கு என்ன ஆனது? நல்ல தையல் மெசினுக்கு ஒரு குறை உண்டு. அது பழுதாவதில்லை. பாட்டி வாங்கியது பேத்திக்கு வரும். வாங்கியவர் திரும்பக் கடைக்கு வரமாட்டார். அதனால் அமெரிக்க சிங்கர் வேறு தொழில் தேடியது. 1963இல் கணிப்பான்கள் செய்த பிரைடன் கம்பனியை வாங்கியது. 1970இல் ‘சிஸ்டம் ரென்’ என்ற கணினியையே வெளியிட்டது. ஆம், தையல் மெசின் சிங்கர் கணினி விற்றது! 1976இல் அந்தப் பிரிவிலிருந்து விலகியது. வெளிநாட்டு வியாபாரத்தைப் பிரித்தானியாவின் ஐசிஎல் கம்பனி எடுத்துக்கொண்டது. பிறகு விமானப் பயிற்சிக் கருவிகள், பாதுகாப்புத் துறை இலத்திரனியல் என்று போனது. இலாபம் அங்கேதான் என்று நம்பி, 1986இல் தையல் மெசின் தொழிலையே தனிக் கம்பனியாகப் பிரித்து அனுப்பிவிட்டது. இரண்டே வருடத்தில், 1988இல், மிஞ்சியிருந்த கம்பனியை ஒருவர் வாங்கித் துண்டு துண்டாக விற்றார். ஊருக்குள் கூட்டிவந்த பெயரைக் கைவிட்ட பிறகு, அதற்கு வீடு இருக்கவில்லை.

இலங்கையில் நடந்தது வேறு. இங்கே மெசினைக் கைவிடவில்லை. அதன் பக்கத்திலேயே குளிர்சாதனப்பெட்டியை வைத்தார்கள், தொலைக்காட்சியை வைத்தார்கள், பிறகு சலவை இயந்திரம், கைபேசி, மடிக்கணினி. 1987இல் குளிர்சாதனப்பெட்டி செய்யத் தொடங்கிய கம்பனியின் பெயர் ரெக்னிஸ். ஆங்கிலத்தில் சிங்கர் என்பதைத் தலைகீழாக எழுதினால் வருவது அதுதான். தையல் மெசினுக்கு மாதம் தவறாமல் காசு கட்டிய வீட்டைக் கடைக்காரருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் அடுத்த பொருளைக் கொடுக்கலாம். தவணைக்குக் கொடுத்தால் பொருளின் இலாபத்தோடு வட்டியும் வரும். 2004இல் சிங்கர் பினான்ஸ் என்று தனி நிதிக் கம்பனியே தொடங்கினார்கள். 2017இல் ஹேலீஸ் குழுமம் சிங்கர் ஸ்ரீலங்காவை வாங்கியது. இன்று அந்தக் காட்சியறைகளில் தையல் மெசின் ஒரு மூலைப் பொருள். ஆனால் கதவைத் திறந்துவிட்டது அதுதான்.

கண்டிக்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது மலைநாட்டின் காசெல்லாம் கோப்பியில். அந்த வருடக் கணக்கைப் பார்த்து எந்தப் பயிர் இலாபம் என்று கேட்டிருந்தால், தேயிலையைப் பிடுங்கிப் போடச் சொல்லியிருப்பார்கள். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியில் விழுந்தது. மீதியைச் சொல்லத் தேவையில்லை, எங்கள் பாட்டன் பாட்டிமார் அதில் கொழுந்து பறித்தவர்கள்.

இனித் தீர்மானத்திற்கு வருகிறோம். கணினிக் கூடம் வேண்டும். அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தையல் சோறு போடாது என்ற வசனத்தை மட்டும் குறிப்பேட்டிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கிறோம். இந்த நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். வருடத்திற்கு 4 பில்லியன் டொலருக்கு மேல். தேயிலை தருவதைப் போல மூன்று மடங்கு. மகாவலிக்கு அக்கரையில் பல்லேகலைக் கைத்தொழில் வலயத்திற்குப் போய் ஆடைத் தொழிற்சாலை ஒன்றைப் பாருங்கள். துணியில் வெட்டுமுன் உருவரையைக் கணினித் திரையில்தான் போடுகிறார்கள். மெசினில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு சம்பளம், திரையின் முன் இருக்கும் ஆளுக்கு வேறு சம்பளம். எங்கள் பாடசாலையில் சாதாரணதரத்தோடு நின்றுவிடும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மெசினிலிருந்து எழுந்து திரை முன் போக வேண்டுமானால், துணியும் தெரிந்திருக்க வேண்டும், கணினியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் வகுப்பு ஒரு திருத்தம் கொண்டுவருகிறது. கணினிக் கூடம் பக்கத்து அறையில் அமையட்டும். தையல் அறை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு கதவு வைப்போம். ஆடை உருவரை வரையும் மென்பொருள் ஒன்றுக்கு நிதியில் இடம் ஒதுக்குவோம். நாளாந்தத் தையல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பின்பு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஐந்து வருடத்திற்கு ஒரு பதிவேடு வைப்போம். அதற்குப் பிறகும் மூட வேண்டும் என்றால், அந்தப் பதிவேட்டை மேசையில் வைத்துப் பேசலாம்.

அறையில் இருக்கும் மெசின்களை எங்கள் வகுப்புத் தோழியர் இருவர் போய்ப் பார்த்தார்கள். நான்கு ஓடுகின்றன. இரண்டுக்குத் தோல் வார் அறுந்திருக்கிறது, ஒன்றில் பொபின் கேஸ் இல்லை. திருத்துபவர் வரும் சனிக்கிழமை காலை வருகிறார், செலவு எங்கள் வகுப்பினுடையது. திருத்தத்தை வழிமொழிய ஒருவர் தேவை. பின்வரிசைத் தங்கை கை உயர்த்துகிறார்.